மிளகாய் இல்லாத அடுப்பங்கரை

ஒரு குறும்படத்தின் முதல் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். 2000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மண்வீடு. பனையோலைக் கூரை. மண்தரையில் உட்கார்ந்து ஒரு தாய் அம்மியில் அரைத்துக் கொண்டிருக்கிறாள். கடலுக்குப் போன மகன் திரும்பவில்லையே என்று அவள் கண் கலங்குகிறாள். பார்ப்பவர்களுக்கும் தொண்டை அடைக்கிறது. அந்த நேரம் பார்த்து மூன்றாம் வரிசையில் ஒரு பையன் சிரிக்கிறான். ஏன்? அம்மியில் இருப்பது சிவப்பு மிளகாய்!

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இல் கொலம்பஸ் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அது மற்ற கண்டங்களுக்குப் பரவியது. நம் நாட்டுக்குப் போர்ச்சுக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு முன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகைத்தான் நம்பியிருந்தார்கள். ஆக, அந்தத் தாயின் கண்ணீர் உண்மையாக இருந்தாலும் அவள் கையிலிருந்த பொருள் பொய் சொல்லிவிட்டது.

படத்தில் நடிகர்கள் மட்டும் பேசுவதில்லை. கையில் இருக்கும் பொருள், உடம்பில் இருக்கும் உடை, பின்னால் தெரியும் சுவர், மரம், பானை எல்லாமே பேசுகின்றன. அவை பொய் பேசாமல் பார்த்துக்கொள்வது எப்படி? அதற்குப் பணம் வேண்டியதில்லை. கொஞ்சம் அறிவியல், நிறையத் திட்டமிடல், இவை இருந்தால் போதும்.

கதைக்கு ஓர் ஊர்

விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசிக்குத் தெற்கே உள்ளது வெம்பக்கோட்டை. பட்டாசுத் தொழிலால் பெயர் பெற்ற வட்டாரம். அதன் அருகே, வைப்பாற்றின் வடகரையில், விஜயகரிசல்குளம் என்னும் ஊரையொட்டி ஒரு தொல்லியல் மேடு இருக்கிறது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இங்கே 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் மூன்று கட்டங்களாக அகழாய்வைத் தொடங்கி நடத்தியது. ஆயிரக்கணக்கான பொருள்கள் வெளிவந்தன. நுண்கற்கருவிகள், சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சூதுபவள மணிகள், சுடுமண் உருவங்கள், நூல் நூற்கும் தக்களிகள், பகடைக்காய்கள், வட்டச் சில்லுகள், சிறிய தங்க அணிகள் என்று பட்டியல் நீளுகிறது.

இதைவிட நல்ல பொருள் பட்டியல் ஒரு படக்குழுவுக்குக் கிடைக்குமா? அங்கே வாழ்ந்தவர்களே எழுதிவைத்துவிட்டுப் போன பட்டியல் அல்லவா இது!

நாம் 8 நிமிடம் ஓடும் ஒரு குறும்படம் எடுக்கப்போவதாக வைத்துக்கொள்வோம். கதை எளியது. சங்கு அறுத்து வளையல் செய்யும் ஒருவரின் மகள், தண்ணீர் எடுத்து வரும் வழியில் பானையைப் போட்டு உடைத்துவிடுகிறாள். திட்டுக்குப் பயந்து ஆற்றங்கரையில் உட்கார்ந்து, உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைக் கல்லில் தேய்த்து வட்டமாக்குகிறாள். மாலையில் அதுவே பாண்டி ஆடும் சில்லாகிறது. கடைசிக் காட்சியில் அப்பா அந்தச் சில்லைப் பார்த்து, பானை போன கதையைத் தெரிந்துகொண்டு சிரித்துவிடுகிறார். அவ்வளவுதான்.

மூன்று பட்டியல்கள்

கதையை எழுதியதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் காட்சிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே காட்சி எண், இடம், பொழுது, நடிப்பவர்கள் ஆகியவற்றை எழுதுங்கள். அதன் கீழே மூன்று பத்திகள்.

முதல் பத்தி, நடிகர் கையாளும் பொருள்கள். பானை, ஓட்டுத் துண்டு, அரம்பம், சங்கு. இவற்றைத்தான் சினிமாக்காரர்கள் ‘பிராப்பர்ட்டி’ என்பார்கள். இரண்டாவது, உடம்பில் இருப்பவை. ஆடை, வளையல், மணிமாலை, கூந்தல் முடிச்சு. மூன்றாவது, இடத்தில் கிடப்பவை. யாரும் தொடமாட்டார்கள், ஆனால் அவை இல்லாவிட்டால் வீடு வீடாகத் தெரியாது. மூலையில் அடுக்கிய பானைகள், சுவரில் சாய்த்த முறம், தரையில் சிதறிய சங்குத் துண்டுகள் இப்படி.

பட்டியல் போடும்போதே சிக்கல்கள் கண்ணில் படும். உடையும் பானை ஒன்றா, பலவா? மூன்று முறையாவது அக்காட்சியை எடுக்க நேரும் என்று கணக்கு வையுங்கள். மூன்று முறைக்கு மூன்று பானை, கைதவறினால் ஒன்று, ஆக 4 பானைகள். நான்கும் ஒரே குயவரிடம், ஒரே அளவில் வாங்கியவையாக இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல். படம் கதை வரிசையில் எடுக்கப்படுவதில்லை. மாலை வெயில் வேண்டும் என்று பாண்டி ஆடும் காட்சியை முதல் நாளே எடுத்துவிடுவீர்கள். பானை உடைவதோ மறுநாள் காலை! முதல் நாள் கையில் இருந்த சில்லு, மறுநாள் உடையப்போகும் பானையின் நிறத்திலும் கனத்திலும் இருக்க வேண்டாமா? ஆகவே ஒரு பானையை முன்கூட்டியே உடைத்துச் சில்லைத் தயாராக்கிவிட வேண்டும். அப்படியானால் 5 பானைகள். இதைப் படப்பிடிப்பு நாளில் கண்டுபிடித்தால் அழ வேண்டியதுதான். நோட்டில் கண்டுபிடித்தால் இன்னொரு பானை வாங்கினால் போதும்.

ஒவ்வொரு காட்சி முடிந்ததும் நடிகரின் முன்புறம், பின்புறம், இரு கைகள் ஆகியவற்றை ஒரு கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். இடக்கையில் மூன்று வளையல் போட்டிருந்தவள் அடுத்த காட்சியில் வலக்கையில் போட்டு வந்தால் அந்தப் படம் காட்டிக்கொடுக்கும். இந்தத் தொடர்ச்சியைக் கவனிப்பதற்கென்றே குழுவில் ஒருவரை நியமியுங்கள். கூர்மையான கண்ணும் கூச்சமில்லாமல் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லும் துணிவும் உள்ளவராக அவர் இருக்க வேண்டும்.

சான்றா, ஊகமா?

பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கு நேரேயும் ஓர் எழுத்தைப் போடுங்கள். அகழாய்வில் கிடைத்ததென்றால் ‘ச’, அதாவது சான்று உண்டு. நேரே கிடைக்கவில்லை, ஆனால் இருந்திருக்கும் என்று நம்பக் காரணம் இருந்தால் ‘ஊ’, அதாவது ஊகம். அக்காலத்தில் இருந்திருக்க முடியாது என்றால் ‘த’, அதாவது தள்ளு.

சங்கு வளையல் ‘ச’. பருத்தி ஆடை? துணி மண்ணில் மக்கிவிடும். ஆனால் நூல் நூற்கும் தக்களி கிடைத்திருக்கிறது. தக்களி இருந்தால் நூல் இருந்தது. நூல் இருந்தால் துணியும் இருந்திருக்கும். எனவே அது நல்ல ‘ஊ’. பனையோலைக் கூரையும் அப்படியே. தகர வாளி ‘த’.

எல்லாம் இவ்வளவு எளிதல்ல. இந்த மேட்டில் சுடுமண் புகைப்பான்களும் கிடைத்துள்ளன. உடனே வளையல்காரர் வாயில் ஒன்றைச் செருகிவிடலாமா? பொறுங்கள்! புகையிலையும் அமெரிக்கச் செடிதான். அது மிளகாயைப் போலவே போர்ச்சுக்கீசியருக்குப் பின்னரே இங்கு வந்தது. புகையிலை பிடிக்கச் செய்ததென்றால் அந்தக் கருவி அதற்குப் பிற்பட்டதாகத்தானே இருக்க வேண்டும்? ஒரே மேட்டில் பல நூற்றாண்டுகள் மக்கள் வாழ்ந்திருக்கலாம். எது எந்தக் காலத்தது என்பதை அது கிடந்த மண்ணடுக்கு சொல்லும். பொதுவாகக் கீழடுக்கு பழையது, மேலடுக்கு புதியது. எந்த அடுக்கு என்று தெரியாத பொருளை நம் படத்தில் சேர்க்காமல் விடுவதே நேர்மை.

நம் கையால் செய்வோம்

சங்கு வளையலில் தொடங்குவோம். மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் வெண்சங்கை இரும்பு அரம்பத்தால் குறுக்கே அறுத்தால் வளையம் வளையமாக வரும். விளிம்பைத் தேய்த்து, மேலே கோடுகள் செதுக்கினால் வளையல். வைப்பாறு மன்னார் வளைகுடாவில்தான் கலக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். கடலில் பிறந்த சங்கு கரிசல் காட்டுக்குள் வந்த கதை அந்த வளையலில் இருக்கிறது.

நமக்குச் சங்கை அறுக்க வேண்டாம். வயலில் தண்ணீர் பாய்ச்சும் வெள்ளை பி.வி.சி. குழாயின் வெட்டுத் துண்டு போதும். 63 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள குழாய் சிறுமியின் கைக்குப் பொருந்தும். பெரியவர் ஒருவரைக் கொண்டு 8 மில்லிமீட்டர் அகலத்தில் வளையங்களாக அறுக்கச் சொல்லுங்கள். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து விளிம்பை உருட்டுங்கள். நனைத்துத் தேய்த்தால் தூசி மூக்கில் ஏறாது. எல்லா வளையலும் அச்சடித்தது போல் இருந்தால் குழாய் என்று தெரிந்துவிடும். சங்கு இயற்கைப் பொருள். ஒருபக்கம் தடித்தும் ஒருபக்கம் மெலிந்தும்தான் இருக்கும். அப்படியே தேயுங்கள். ஆணி முனையால் சாய்வுக் கோடுகள் கீறி, கோட்டுக்குள் செம்மண்ணைத் தேய்த்துத் துடையுங்கள்.

அப்பா கையில் இருக்கும் அரம்பம் மரத்தால் ஆனதாக இருக்கட்டும். மென்மையான பலகையில் பல் வெட்டி, கறுப்பு வண்ணம் பூசி, உலர்ந்ததும் பென்சில் தூளைத் தேயுங்கள். பென்சிலில் உள்ள கிராஃபைட் இரும்பின் மங்கிய பளபளப்பைத் தரும். கை கிழியும் பயமும் இல்லை. சங்குக்கு வீட்டுப் பூசை அறைச் சங்கை இரவல் வாங்கிப் பத்திரமாகத் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்து, பானை. பழந்தமிழகத்து ஊர்களில் கறுப்பு-சிவப்புப் பானைகள் புழங்கின. வெளிப்புறம் சிவப்பு, உள்புறமும் வாய்விளிம்பும் கறுப்பு. இது பூச்சு வேலை அல்ல, சூளையின் வேதியியல். களிமண்ணில் இரும்பு இருக்கிறது. சுடும்போது காற்றுப்பட்ட பகுதியில் இரும்பு ஆக்சிஜனுடன் சேர்ந்து சிவக்கிறது. பானையைக் கவிழ்த்துச் சுட்டால் உள்ளே காற்று புகாது. புகையின் கரி படிந்து கறுத்துவிடும். நம் ஊர்ச் சிவப்புப் பானையின் உள்புறத்திலும் வாயிலும் விளக்குக் கரியைக் கஞ்சியில் குழைத்துப் பூசி, காய்ந்தபின் துணியால் மெருகேற்றினால் கேமரா ஏமாந்துபோகும்.

ஆனால் ஒன்று! வெறும் பானையைச் சுமந்து வருபவர் நீர் நிறைந்த பானையைச் சுமப்பதுபோல் நடிப்பது கடினம். 5 லிட்டர் தண்ணீரின் எடை 5 கிலோகிராம். இடுப்பின் ஒருபக்கம் அந்தப் பாரம் ஏறினால், உடலின் ஈர்ப்பு மையத்தைப் பாதங்களுக்கு மேல் நிறுத்த உடம்பு தானாகவே மறுபக்கம் சாயும், எதிர்க்கை விலகும். பானையில் 3 லிட்டராவது தண்ணீர் ஊற்றிவிடுங்கள். நடிப்பு தானே வரும்.

தக்களி செய்வது இன்னும் எளிது. நடுவில் துளையிட்ட சிறு களிமண் வட்டு, ஒரு மூங்கில் குச்சி. காய்ந்ததும் சுற்றிப் பாருங்கள். வட்டு இல்லாத குச்சி உடனே நின்றுவிடும். வட்டு மாட்டிய குச்சி வெகுநேரம் சுழலும். அச்சிலிருந்து தள்ளியுள்ள நிறை நிலைமத் திருப்புத்திறனைக் கூட்டுகிறது என்று பெரிய வகுப்பில் படிப்பீர்கள். அதைப் பெயர் தெரியாமலே பயன்படுத்தியவர்கள் வைப்பாற்றங்கரையில் இருந்தார்கள்.

உடையும் கேமராவின் கண்ணும்

உடைக்குத் தையல் இல்லாத பருத்தித் துணியைத் தேர்ந்தெடுங்கள். பழைய வேட்டி போதும். ஆனால் சலவை வெள்ளையில் வேண்டாம். கேமராவின் ஒளி அளவி காட்சியைச் சராசரி பார்த்து வெளிச்சத்தைத் தீர்மானிக்கிறது. பளீரென்ற வெள்ளை மிகுந்தால் அது வெளிச்சத்தைக் குறைத்துவிடும். நடிகரின் முகம் கறுத்துப்போகும். வேட்டியைத் தேயிலைக் கொதிநீரில் அரைமணி ஊறப்போடுங்கள். தேயிலையிலுள்ள டானின் பருத்தியைப் பற்றிக்கொண்டு பழுப்பேற்றும். அழுக்கும் வேண்டுமென்றால் உழைப்பவர் உடம்பைப் பாருங்கள். முட்டியிலும் உட்காரும் இடத்திலும் கை துடைக்கும் ஓரத்திலும்தான் அழுக்குப் படியும். அங்கே மட்டும் கரிசல் மண்ணைத் தேயுங்கள்.

நெருக்கமான கோடும் பொடிக்கட்டமும் உள்ள துணி வேண்டாம். கேமராவின் உணர்வியில் புள்ளிகள் வரிசையாக அமைந்துள்ளன. துணியின் கோடுகளும் அந்த வரிசைகளும் ஒன்றோடொன்று மோதித் திரையில் இல்லாத அலைகளை உண்டாக்கும்.

இதெல்லாம் சின்ன வேலை என்று எண்ணாதீர்கள். இந்தியர் ஒருவர் பெற்ற முதல் ஆஸ்கார் விருதே உடை அலங்காரத்துக்குத்தான் கிடைத்தது. ‘காந்தி’ (1982) படத்துக்காக 1983இல் பானு அத்தையா இன்னொருவருடன் சேர்ந்து அதைப் பெற்றார்.

பின்னால் நிற்கும் மரம்

களத்துக்கு வருவோம். ஆற்றங்கரையில் கேமராவை வைத்தால் முதலில் தெரிவது சீமைக்கருவேல். அதுவும் அமெரிக்கக் கண்டத்து மரமே. 19ஆம் நூற்றாண்டுக்கு முன் இங்கே இல்லை. பெயரிலேயே ‘சீமை’ இருக்கிறதே! பரங்கிக்காய் என்பதிலும் ‘பரங்கி’ இருக்கிறது. நம் மொழி பல பொருள்களுக்கு வந்தவழியையே பெயராக வைத்திருக்கிறது. தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மக்காச்சோளம், பப்பாளி, கொய்யா ஆகியவையும் அமெரிக்காவிலிருந்து வந்தவையே. இவற்றுக்கெல்லாம் ‘த’ போடுங்கள். பனையையும் வேம்பையும் பின்னணியில் வையுங்கள். அடுப்பங்கரையில் மிளகும் தினையும் பயறும் இருக்கட்டும்.

மின்கம்பியும் கைப்பேசிக் கோபுரமும் தெரிந்தால்? மரத்தை வெட்ட வேண்டாம்; கம்பியை மறைக்கவும் வேண்டாம். கேமராவைத் தாழ்த்தி வைத்து ஒரு பனைமட்டையை முன்னே பிடித்தால் போதும். சட்டத்துக்குள் தெரிவது மட்டும்தானே உலகம்! மும்பையின் தாராவித் தெருக்களைச் சென்னையிலேயே அமைத்துக் காட்டியவர் கலை இயக்குநர் தோட்டா தரணி. ‘நாயகன்’ (1987) படத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது.

வெளிச்சமும் களத்தின் ஒரு பகுதிதான். சத்யஜித் ராய் ‘அபராஜிதோ’ (1956) படத்துக்காகக் காசியின் ஒரு வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் அமைக்கச் செய்தார். கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா. மேலே திறந்த முற்றத்தில் விழும் மென்மையான வானொளி வேண்டுமே? ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுச் சிதறிய ஒளி நிழலே இல்லாமல் கீழே இறங்கியது. நீங்களும் வெயிலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துப் பாருங்கள். முகத்தின் நிழல் தெளிவதைக் காண்பீர்கள்.

நெருப்பு மட்டும் வேண்டாம்

இரவுக் காட்சியில் தீப்பந்தம் வேண்டும், புகை வேண்டும், பொறி பறக்க வேண்டும் என்று ஆசை வரும். வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ‘வீட்டில் மருந்து கிடைக்குமே’ என்ற எண்ணமும் வரலாம். வேண்டவே வேண்டாம்! 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த ஒரே விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பழகிய கைகளுக்கே அந்த மருந்து இரக்கம் காட்டுவதில்லை. பட்டாசு, வெடிமருந்து, மண்ணெண்ணெய் எதுவும் படப்பிடிப்பு இடத்தில் இருக்கக் கூடாது.

பட்டாசு ஆலையில் வேலை செய்பவர்களைப் பருத்தி உடை உடுத்தச் சொல்வது ஏன் தெரியுமா? நைலான், பாலியெஸ்டர் துணிகள் உராயும்போது நிலைமின்சாரம் சேரும். அதன் ஒரு சிறு பொறி மருந்தைப் பற்றவைத்துவிடும். பருத்தி காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால் மின்னூட்டம் எளிதில் கசிந்து போய்விடும். தீப்பட்டால் செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டவும் செய்யும். நம் நடிகர்களுக்கும் பருத்தியே நல்லது. வரலாறும் பாதுகாப்பும் இங்கே ஒரே துணியைக் கேட்கின்றன!

தீப்பந்தத்துக்கு ஒரு சிறு எல்.இ.டி. விளக்கின் மேல் ஆரஞ்சு நிறக் கண்ணாடித்தாளைச் சுற்றி, முன்னால் விரல்களை அசையுங்கள். சுவரில் சுடர் ஆடும். அகல் விளக்கு ஒன்று உண்மையிலேயே எரிய வேண்டுமானால் ஆசிரியர் பக்கத்தில் இருக்க, ஒரு வாளி மணலும் ஒரு வாளித் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆனால் விளக்கைத் தீப்பெட்டியால் ஏற்றுவதைக் காட்டிவிடாதீர்கள். சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்ததே 1923இல்தான். அடுத்த வீட்டு அடுப்பிலிருந்து சிறுமி கங்கு வாங்கி வருவதாகக் காட்டினால் எவ்வளவு அழகு!

மேட்டைத் தொடாதீர்கள்

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த மேட்டருகே நடந்தால் பானை ஓடும் மணியும் காலில் தட்டுப்படலாம். ‘அசல் பொருளே கிடைத்துவிட்டது, படத்துக்கு ஆகும்’ என்று சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். பூமிக்கடியில் கிடைக்கும் பழம்பொருள்களுக்கென 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது. அது ஒருபுறம் இருக்கட்டும். அறிவியல் காரணம் அதைவிடப் பெரிது. ஒரு மணி எந்த அடுக்கில், எந்தப் பொருளுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் முகவரி. முகவரி இல்லாத மணி வெறும் அழகுப் பொருள். புகைப்பானைப் பற்றி நாம் கேட்ட கேள்விக்கு அடுக்குதான் விடை என்றோமே, அந்த விடையைத்தான் எடுத்தவர் அழித்துவிடுகிறார். உடைத்த பானையை மீண்டும் வாங்கலாம். கலைத்த மண்ணடுக்கை யாராலும் திரும்ப அடுக்க முடியாது. கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். நமக்கு வேண்டியதை நாமே செய்துகொள்வோம். செய்யும்போதுதானே செய்தவர்களின் அறிவு புரிகிறது!

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டு அடுப்பங்கரையில் உள்ள 20 பொருள்களைப் பட்டியலிடுங்கள். 2000 ஆண்டுகளுக்கு முன் இருந்திருக்கக்கூடியவை எவை? ச, ஊ, த என்று குறியிடுங்கள். சந்தேகம் வந்த பொருள்களுக்குத் தனியே ஒரு கேள்விக்குறி போட்டு, அவற்றின் வரலாற்றை நூலகத்தில் தேடுங்கள். உங்கள் குறும்படத்தின் முதல் பக்கம் அன்றே எழுதப்பட்டுவிடும். மூன்றாம் வரிசைப் பையன் இனிச் சிரிக்கமாட்டான். படம் முடிந்ததும் எழுந்து வந்து, ‘அந்த வளையலை எப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்பான்.